பௌலரைப் பெண் பார்த்த கதை

மாப்ள வீடுதான் அண்ணாச்சி. மாப்ளையோட அக்கா வீட்டுக்காரன். பேரு சீனிராஜ், ஊரு வெள்ளையம்பட்டி, அங்க மாவு மில்லு வச்சிருக்கேன். நீங்க பொண்ணு வீடா? அப்படிச் சொல்லுங்க. அப்ப உக்காருங்க. முதப் பந்தியில இடம் போச்சு, அடுத்த பந்திக்கு எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். அந்த வாசல்ல போய் இடிபடுறதுக்கு, இங்க ஃபேனுக்கு அடியில உக்காந்து என் மானங்கெட்ட கதையக் கேக்கலாம்.

உங்களுக்குக் கெடச்சிருக்கிற மாப்ள யாருன்னு தெரியுமா? நூல் மில்லுல சூப்பர்வைசர், நல்ல குணம், குடி கிடி கிடையாதுன்னு சொல்லியிருப்பாங்க. அதெல்லாம் இருக்கட்டும். அந்த வலது கையப் பாருங்க. மாலையப் போடுறப்ப எப்படிக் காதோட ஒட்டி நேரா வருது பாருங்க! சுத்துப்பட்டு பன்னெண்டு ஊர்ல அப்படிக் கை வேற எவனுக்கும் கிடையாது. வர்ற சித்திரையில இருந்து அந்தக் கை உங்க ஊருக்குப் பந்து போடப்போகுது. நீங்க கேக்கக்கூட இல்ல, சும்மா கெடச்சிருச்சு. அந்தக் கைக்காக எங்க ஊரு என்ன பாடு பட்டுச்சுன்னு சொன்னா உங்களுக்குச் சோறு எறங்காது.

சித்திரை மாசம் எங்க பக்கம் பன்னெண்டு ஊருக்கும் கிரிக்கெட் போட்டி நடக்கும். டென்னிஸ் பந்து, பத்து ஓவர். முன்னெல்லாம் மதுரை, திருநெல்வேலின்னு காலேஜ் பயலுகளக் கூட்டிட்டு வந்து ஆடவிட்டாங்க. அது அடிதடியாகி, ஒரு வருசம் எட்டுப் பேருக்குத் தையல் போடுற மாதிரி ஆயிருச்சு. அதுக்கப்புறம் கமிட்டி கூடி ஒரு விதி போட்டாங்க. அந்தந்த ஊர்ல பொறந்தவன்தான் ஆடணும். வெளியாளு கிடையாது. ஒரே ஒரு சலுகை, மாப்ளைக்கு. ஒரு ஊர்ல பொண்ணு எடுத்தவன் அந்த ஊருக்கு ஆடலாம். ஏன்னா லீவுக்கு மாமியார் வீட்டுக்கு வந்த மாப்ளையக் கரையில உக்கார வச்சுட்டு மச்சினன் ஆடுனா நல்லாவா இருக்கும்? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.

எங்க டீமு எப்படின்னா, அடிக்கிறதுக்கு ஆளு உண்டு. கேப்டன் கனகவேல் நின்னு ஆடுனான்னா பந்து கண்மாயத் தாண்டி முள்ளுக்காட்டுல கெடக்கும். ஆனா பந்து போட ஆளு இல்ல அண்ணாச்சி. நூத்திப் பத்து அடிச்சா நூத்திப் பதினொண்ணு குடுத்துருவோம். நூத்தி நாப்பது அடிச்சாலும் அதே கதைதான். கேக்குறவங்களுக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாத வள்ளல் பரம்பரை. பதினோரு வருசமா முதல் ரவுண்டத் தாண்டல.

நான் என்ன ஆடுவேன்னு கேக்குறீங்களா? நீங்க நல்லவரு, அதான் கேக்குறீங்க. நான் செயலாளர். ஸ்கோர் எழுதுவேன், பேட்டு பையத் தூக்குவேன், தண்ணி எடுத்துட்டு வருவேன். பத்துப் பேருதான் வந்திருக்கான்னா என்னையப் பதினோராவதா நிக்கவிடுவாங்க, பந்து வராத பக்கமாப் பாத்து. எட்டாங்கிளாஸ்ல இருந்து இதுதான் உத்தியோகம். ஆனா யோசனை சொல்றதுல என்னைய மிஞ்ச ஆளு கிடையாது. ஆடத் தெரியாதவனுக்குத்தான அண்ணாச்சி ஆட்டத்தப் பத்தி முழுசா யோசிக்க நேரம் இருக்கும்?

நாலு வருசத்துக்கு முந்தி, மழைக்காலம் முடிஞ்சு, என் மில்லுல வச்சுத்தான் பேச்சு ஆரம்பிச்சுது. ஒரு பக்கம் கம்பு ஓடிக்கிட்டிருக்கு, அந்தச் சத்தத்துக்கு மேல எல்லாரும் கத்துறோம். நாகமுத்துபுரத்துல பொன்னிருளுன்னு ஒருத்தன் இருக்கான், அவன எப்படியாச்சும் நம்ம பக்கம் இழுக்கணும். அதான், மேடையில நிக்கிறாரே, அவருதான்.

லைன்மேன் சுப்பையா சித்தப்பா மட்டும் வேண்டாம்னாரு. "அடுத்தவன் பந்து போட்டு நீங்க ஜெயிக்கிறதுக்குப் பேரு ஜெயமாவே? நம்ம பயலுக நாலு பேரத் தெனம் காலையில எழுப்பிப் பந்து போடச் சொல்லுங்க. வராமலா போயிரும்?"

"பதினோரு வருசமா எழுப்புறோம் சித்தப்பா, எவன் எந்திரிக்கான்?"ன்னு நான் கேட்டேன்.

"சரி. அவன எடுத்தா அவங்களுக்கு என்னத்தக் குடுப்பீக? சும்மா விடுவானா?"

கனகவேலு என்னையப் பாத்து, "சீனிராஜைக் குடுத்துருவோம்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன், வேற என்ன செய்ய.

நேர்வழி என்னன்னா, எங்க ஊருப் பொண்ணு ஒண்ண அவனுக்குக் கட்டிக் குடுக்கணும். எங்க ஊருக்கு மாப்ளையாயிருவான், விதிப்படி ஆடலாம். பொண்ணுக்கும் பஞ்சமில்ல. தரகர அனுப்பிச்சோம். போன வேகத்துல திரும்பி வந்துட்டாரு. அவனுக்கு அக்கா ஒண்ணு இருக்கு, இருபத்தொம்போது வயசு, இன்னும் முடியல, அக்காவுக்கு முடிக்காம தம்பிக்குப் பேச்சே எடுக்க மாட்டாங்களாம். ஆளாளுக்கு எந்திரிச்சு வேட்டியில இருந்த மாவத் தட்டுனாங்க. கம்பு கூட ஓடி முடிஞ்சிருந்துச்சு.

அப்பத்தான் அண்ணாச்சி, இந்த நாக்கு இருக்கே, இந்த நாக்குதான். "அக்காவையே எடுத்தா என்ன?"ன்னேன். "பொண்ணு எடுத்தா சம்பந்தம். சம்பந்தம்னா அவன் நமக்கு மச்சினன். மச்சினன் என்ன வேத்தாளா? ரெண்டு கல்யாணத்துக்குப் பதிலா ஒரே கல்யாணம். வேலை முடிஞ்சுது." கைதட்டுனாங்க அண்ணாச்சி. பன்னெண்டு பேரு கைதட்டுனாங்க. நீங்க கூட இப்பத் தலையாட்டுனீங்க, நான் பாத்தேன். அந்த நேரத்துல எல்லாருக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. கமிட்டி நோட்டீசு என் மில்லுச் சுவத்துலதான் ஒட்டியிருந்துச்சு, ஒட்டுனதே நான்தான். மேல ரெண்டு வெரக்கடை மாவு. ஒருத்தன், ஒரே ஒருத்தன், அதத் துடைச்சுட்டு என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கல.

அடுத்து யாரு கட்டுறதுன்னு கேள்வி. டீமுல கல்யாணமாகாதவன் மூணு பேரு. ரெண்டு பேருக்கு அந்தப் பொண்ண விட வயசு கம்மி. மூணாவது ஆளு முப்பத்திமூணு வயசு, தலையில மாவு விழுந்து விழுந்து நரைச்சது எது மாவு எதுன்னு தெரியாம ஒருத்தன். ஊருக்காகச் சம்மதிக்கிறேன்னேன். அப்படித்தான் சொன்னேன் அண்ணாச்சி, 'ஊருக்காக'ன்னு. ஏதோ ராணுவத்துக்குப் போறவன் மாதிரி. வீட்டுல போய் அம்மாகிட்ட சொன்னா, அது பத்து வருசமா எனக்குப் பொண்ணு தேடித் தேஞ்ச பொம்பள, உடனே சாமி கும்பிடப் போயிருச்சு.

பொண்ணு பாக்கப் போனோம். நான், அம்மா, கனகவேலு. காப்பி வந்துச்சு, பொண்ணு வந்துச்சு. நான் எங்க பாக்குறேன்? எதுத்தாப்புல தூணுல சாஞ்சு நிக்கிறான் பொன்னிருளு, பனியனோட. தோள்பட்டை ரெண்டும் ஒரே மட்டமா இருக்கான்னு பாக்குறேன். விரலு எவ்வளவு நீளம், மணிக்கட்டு எத்தன தடிமன், முட்டி நேரா மடங்குதா. அவன் பாக்குற மாதிரி இருந்தா தலையக் குனிஞ்சுக்குவேன். மாமனாரு நகை நட்டுப் பத்தி ஆரம்பிச்சாரு. நான் அதக் காதுலயே வாங்கல. "தம்பிக்குத் தோள்பட்டை வலி ஏதும் உண்டா?"ன்னு கேட்டேன். அவரு மாமியாரப் பாத்தாரு. "எதுவும் வேண்டாங்காரு, நம்ம பையன் உடம்பப் பத்தி விசாரிக்காரு"ன்னு மாமியாருக்குக் கண்ணே கலங்கிருச்சு. அந்த வீட்டுல இன்னைக்கு வரைக்கும் எனக்குக் கறியில நல்லி எலும்பு வச்சுத் தர்றாங்கன்னா அந்தக் கேள்விக்குத்தான்.

பொண்ணு சரின்னு சொல்லிருச்சு. சந்தனமாரின்னு பேரு. அங்கன்வாடியில டீச்சரா இருந்தா. தை மாசம் கல்யாணம். டீமு மொத்தமும் வந்து பந்தி பரிமாறுனாங்க. தாலி கட்டுறப்ப பின்னால இருந்து கனகவேலு என் காதுல, "உன் மச்சினன் ஒம்போது ரன்னுக்கு அஞ்சு விக்கெட், போன வருசம், ஞாபகம் வச்சுக்கோ"ன்னான். நான் மூணாவது முடிச்சுப் போட்டேன்.

நடுவுல மூணு மாசம் அண்ணாச்சி. அதப் பத்தி டீமு என்கிட்ட எதுவும் கேக்கல, நானும் எவன்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் மில்லச் சாத்திட்டு வீட்டுக்குப் போனா, வாசல்லயே நிறுத்தி முந்தானையால என் புருவத்துல இருக்கிற மாவத் தட்டிவிடுவா. முப்பத்திமூணு வருசமா அந்தப் புருவத்துல மாவு இருக்கிறது எங்கம்மா உட்பட எவ கண்ணுக்கும் தெரியல. அங்கன்வாடிப் பிள்ளைக என்னென்ன பேசுச்சுன்னு அப்படியே நடிச்சுக் காட்டுவா. சிரிச்சு சிரிச்சுப் புரையேறும் எனக்கு. நல்லாத்தான் இருந்தேன். ஆனா அந்த வயசுல ஒருத்தன் நல்லா இருந்தா அது எதனாலன்னு அவனுக்குத் தெரியவா செய்யுது? சித்திரை வரப்போகுது, அதனாலதான் சந்தோசமா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன்.

சித்திரை வந்துச்சு. அந்த வருசம் போட்டி நாகமுத்துபுரம் கண்மாயில. தண்ணி வத்திக் காஞ்சு கெடக்கும்ல, அதுக்குள்ளதான் மைதானம். கரை மேல பொம்பளைங்க கூட்டம். சந்தனமாரி டீமு மொத்தத்துக்கும் எலுமிச்சஞ்சோறு கிண்டி எடுத்துட்டு வந்திருந்தா. வீட்டுக்காரரும் தம்பியும் ஒரே டீமுல ஆடப்போறாங்கன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கா. முதல் ஆட்டமே சீட்டுல எங்களுக்கும் நாகமுத்துபுரத்துக்கும்னு விழுந்திருந்துச்சு.

கமிட்டியில அழகுமலை சாரு, பி.டி. வாத்தியாரு, மைக்கு முன்னால உக்காந்து பேரு பதியிறாரு. நாங்க பொன்னிருளோட தோள்ல கையப் போட்டுக் கூட்டிட்டுப் போறோம், பாவம் அவனும் அக்கா புருசன் கூப்பிட்டாருன்னு வந்துட்டான். சாரு லிஸ்டப் பாத்தாரு. கண்ணாடியத் தூக்கிவிட்டு மறுபடி பாத்தாரு.

"இவன் எப்படிடா உங்க ஊருக்கு?"

"மாப்ள விதி சார்"னான் கனகவேலு.

"இவனுக்குக் கல்யாணமே ஆகலையே."

"எங்க சீனிராஜுக்கு ஆயிருச்சுல்ல சார், இவன் அக்காவ."

"அப்ப யாருடா மாப்ள?"

அண்ணாச்சி, அந்த ஒரு கேள்வி. யாருடா மாப்ள. அவ்வளவுதான். எனக்குத் தலைக்குள்ள வெளிச்சம் போட்ட மாதிரி ஆயிருச்சு. பொண்ணு எடுத்தவன்தான மாப்ள? எடுத்தது நான். எந்த ஊர்ல? நாகமுத்துபுரத்துல. விதிப்படி அவன் எங்களுக்கு ஆட முடியாது. நான்தான் அவங்களுக்கு ஆடலாம். ஆள எடுக்கப் போன எடத்துல ஆளக் குடுத்துட்டு வந்திருக்கோம்!

கனகவேலு விடல. ரத்தம் தலைக்கேறிருச்சு அவனுக்கு. மேசையில குத்தி, "சார், இந்தப் பௌலருக்காகத்தான் சார் எங்க ஆளு அந்தப் பொண்ணையே கட்டுனான்! இல்லாட்டி இவனுக்கு எதுக்கு சார் கல்யாணம்!"னு கத்துறான். மைக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு அண்ணாச்சி. நாலு மூலையில நாலு கூம்பு ஸ்பீக்கர். கண்மாய் முழுக்க எட்டுச்சு. அப்புறம் ஆயிரம் பேரு சிரிச்ச சிரிப்பு. நான் கரையப் பாத்தேன். சந்தனமாரி எலுமிச்சஞ்சோத்துச் சட்டிய மூடிக்கிட்டிருந்தா. மூடி, எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டு, எறங்கி அவ அம்மா வீட்டுப் பக்கமா நடந்துட்டா.

ஓடுனேன். வீட்டு வாசல்ல போய்ப் பிடிச்சேன்.

"அன்னைக்கு யாரப் பாக்க வந்தீங்க?"ன்னு கேட்டா. அழல. அழுதிருந்தாத் தேவல.

"உன்னையத்தான்."

"பொய். எனக்கு முன்னாடி மூணு மாப்ள வந்து பாத்தாங்க. மூணு பேரும் என்னைய மேலயிருந்து கீழ வரைக்கும் சந்தையில மாடு பாக்குற மாதிரி பாத்தாங்க. நீங்க ஒருத்தருதான் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தீங்க. கூச்ச சுபாவம், நல்ல மனுசன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் சரின்னே சொன்னேன். நீங்க மாடு பாக்கத்தான் வந்திருக்கீங்க, வேற மாட்ட."

அவ இடுப்புல இருந்த சோத்துச் சட்டிய வாங்கக் கைய நீட்டுனேன், குடுக்கல.

"இப்பத்தான் எங்க ஊரு மாப்ளன்னு மைக்குல சொல்லிட்டாங்கள்ல. எங்க ஊருக்கு ஆடுங்க. மனசார ஆடுங்க. ஆடுனா உங்க கூட வர்றேன். ஆட மாட்டேன்னா என் தம்பியவே கூட்டிட்டுப் போய்க் குடும்பம் நடத்துங்க"ன்னு கதவச் சாத்திட்டா.

எங்க ஊரு, அண்ணாச்சி. எட்டாங்கிளாஸ்ல இருந்து பை தூக்குன டீமு. எப்படி எதுத்து ஆடுவேன்? போய்க் கனகவேலுகிட்ட கண்ணீரும் கம்பலையுமாச் சொன்னேன். போகாதடான்னு கட்டிப்பிடிப்பாங்க, நீ இல்லாம நாங்க எப்படிடான்னு சொல்லுவாங்கன்னு ஒரு நெனப்பு. கனகவேலு மூஞ்சி பளிச்சுன்னு ஆயிருச்சு. "நெசமாவா? அவங்க பக்கம் ஆடப்போறியா? போடா, சீக்கிரம் போ, மனசு மாறிறப் போறாங்க!"னான். சுப்பையா சித்தப்பா சொல்லுறாரு, "பதினோரு வருசத்துல நம்ம டீமு செஞ்ச உருப்படியான காரியம் இதுதான்வே."

அந்தப் பக்கம் மறுபடியும் பொன்னிருளுதான் கேப்டன். என்னையப் பாத்ததும் அவன் மூஞ்சியில ஈயாடல. அக்கா சொல்லிருச்சு, தட்ட முடியாது. நல்லா ஆடுற பையன் ஒருத்தன உக்கார வச்சுட்டு என்னையச் சேத்தான். "மாமா, நீங்க அந்தா அங்க நில்லுங்க"ன்னு கோட்டோரம் ஒரு வேலமரம், அதுக்கடியில எரும ஒண்ணு கட்டியிருந்துச்சு, அது பக்கத்துல நிறுத்தினான். அங்க பந்து போனதா சரித்திரமே கிடையாது.

அவங்க எம்பத்திமூணு அடிச்சாங்க. எனக்கு பேட்டிங்கு வரல, கடவுள் இருக்காரு. எங்க ஊரு ஆடுது. எங்க ஊருன்னு சொல்றேன் பாருங்க, நான் நிக்கிறது இந்தப் பக்கம். கனகவேலு ஒத்தையா நின்னு அடிக்கிறான். அவன் நாலு அடிச்சா எனக்கு உள்ளுக்குள்ள குதிக்குது, உடனே கரையப் பாக்குறேன். ஆமா, வந்துட்டா. கூட்டத்துல இருந்து தள்ளி ஓரமா உக்காந்திருக்கா. விக்கெட்டு விழுந்தா அவ மூஞ்சியப் பாத்துக் கை தட்டுறேன், தட்டுனா நெஞ்சு வலிக்குது. என் பொழப்பு அப்படி ஆயிருச்சு.

கடைசி ஓவரு பொன்னிருளு போடுறான். கடைசிப் பந்து, ஆறு ரன்னு வேணும். கனகவேலு ஓங்கி ஒண்ணு விட்டான் பாருங்க, சரியாப் படல, மேல போயிருச்சு. மேல, மேல, வெயிலுக்குள்ள போயிருச்சு. எங்கடா வருதுன்னு பாக்குறேன். எரும எந்திரிச்சிருச்சு. அப்பவே எனக்கு விளங்கிருச்சு.

சத்தியமாச் சொல்றேன் அண்ணாச்சி, அந்த ஒரு நிமிசம் எனக்கு எங்க ஊரும் ஞாபகம் இல்ல, கனகவேலும் ஞாபகம் இல்ல. பிடிச்சிறணும், பிடிச்சா அவ வந்துருவா, அது ஒண்ணுதான். ரெண்டு கையையும் சேத்து ஏந்திக்கிட்டு நிக்கிறேன். கையில வந்து விழுந்துச்சு. நெசமா விழுந்துச்சு! விழுந்து, உள்ளங்கையில இருந்து துள்ளி, நெஞ்சுல பட்டு, மூக்குல பட்டு, எனக்குப் பின்னால கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்துருச்சு. சிக்ஸர். நான் கைய நீட்டாம சும்மா நின்னிருந்தா, பந்து உள்ளயே விழுந்து ஓடியிருக்கும், மிஞ்சிப் போனா நாலு. நாகமுத்துபுரம் ஜெயிச்சிருக்கும். நான் தொட்டதாலதான் ஆறு. வெள்ளையம்பட்டி பதினோரு வருசத்துக்கப்புறம் ஜெயிச்ச ஆட்டத்துல ஜெயிச்சுக் குடுத்தது நான்தான், எதுத்த டீமுல இருந்துக்கிட்டு.

என்ன நடந்துச்சுன்னு நான் உணர்றதுக்குள்ள எங்க ஊரு மொத்தமும் ஓடி வந்து என்னையத் தோள்ல தூக்கிட்டாங்க. "ஊருக்காக விட்டான்டா!"ன்னு கத்துறாங்க. "சீனிராஜு! சீனிராஜு!"ன்னு. என் பேரச் சொல்லி ஊரு கத்தி நான் கேட்டதே இல்ல அண்ணாச்சி. இருபது வருசம் பை தூக்கியிருக்கேன், ஒருத்தன் ஒருநாள் கூடக் கத்துனதில்ல. ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அந்தப் பக்கம் நாகமுத்துபுரத்துப் பயலுக ஸ்டம்பப் பிடுங்கிக்கிட்டு வர்றாங்க. கனகவேலு மைக்கப் பிடுங்கி, "பொண்டாட்டி போனாலும் பரவாயில்லன்னு வேணும்னே கேட்ச விட்டான் எங்க ஆளு! இவன்தான்டா வெள்ளையம்பட்டிக்காரன்!"னு முழங்குறான்.

தோள் மேல இருந்து பாத்தா கரை நல்லாத் தெரியும். சந்தனமாரி எந்திரிச்சு, சேலையில ஒட்டுன மண்ணத் தட்டிவிட்டா. என் பக்கம் ஒருதடவை கூடத் திரும்பல. இந்தத் தடவ போனா அவ்வளவுதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்தப் பக்கம் என் பேரச் சொல்லி ஊரு கத்துது, அந்தப் பக்கம் அவ நடக்கா.

குதிச்சேன். முழங்கால் சிராய்ச்சுப் போச்சு, இன்னும் தழும்பு இருக்கு. கனகவேலு கையில இருந்து மைக்கப் பறிச்சேன்.

"நான் வேணும்னு விடல!"ன்னேன். என் குரலு நாலு ஸ்பீக்கர்லயும் கேக்குறப்ப எனக்கே பயமாயிருந்துச்சு. "சந்தனம், சாமி சத்தியமா நான் பிடிக்கத்தான் பாத்தேன். எனக்குப் பிடிக்கத் தெரியாது. என் வாழ்க்கையில ஒரு கேட்சு கூட நான் பிடிச்சதில்ல. கல்யாணத்துக்கு முன்னாடியே இத உன்கிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. நான் உங்க ஊருக்குத்தான் ஆடுனேன். மனசாரத்தான் ஆடுனேன். ஆடத்தான் தெரியல. நம்பலேன்னா எங்க ஊர்க்காரங்களக் கேளு!"

சத்தம் அடங்கிருச்சு. எங்க ஊர்க்காரங்க மூஞ்சியப் பாக்கணுமே நீங்க. கடைசியில சுப்பையா சித்தப்பா மெதுவா வந்து மைக்க வாங்குனாரு. தொண்டையச் செருமிட்டு, "அது உண்மைதான் தாயி. எட்டாங்கிளாஸ்ல இருந்து பாக்கேன். இவனுக்குப் பிடிக்க வராது. கையில குடுத்தாலும் கீழ போட்டுருவான்"னாரு.

ஸ்டம்பத் தூக்கிட்டு வந்த பயலுகதான் முதல்ல சிரிச்சாங்க. சிரிச்சுச் சிரிச்சு ஸ்டம்ப ஊனிக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. அழகுமலை சாரு கண்ணாடியக் கழட்டிக் கண்ணத் துடைக்கிறாரு. ரெண்டு ஊரும் சேந்து என்னையப் பாத்துச் சிரிச்சுது. நான் கரையப் பாக்குறேன். அவ நின்னுட்டா. திரும்புனா. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டிருந்தா. அழுகுறாளா சிரிக்குறாளான்னு அவ்வளவு தூரத்துல தெரியல. கொஞ்ச நேரத்துல அந்தச் சோத்துச் சட்டியோட வந்து என் வண்டி பக்கத்துல நின்னு, "வண்டிய எடுங்க"ன்னா. வீட்டு வாசல்ல எறங்கி, முந்தானையால என் மூக்குல இருந்த ரத்தத்தத் துடைச்சுவிட்டுட்டு உள்ள போயிட்டா.

எங்க ஊருல எனக்கு மரியாதை போச்சு அண்ணாச்சி. கனகவேலு இன்னும் சொல்லிக் காட்டுவான். "ரெண்டு நிமிசம் வாய மூடியிருந்தா உனக்கு பஸ் ஸ்டாண்டுல ஃப்ளெக்ஸ் வச்சிருப்போம்டா"ன்னு. அடுத்த ரவுண்டுலயே தோத்தாங்கன்னு தனியாச் சொல்லணுமா? பௌலரு இல்லையே. பொன்னிருளுக்கு எங்க ஊருப் பொண்ணத்தான் கேட்டுப் பாத்தேன் மறுபடியும், சும்மா இருப்பேனா நான்? சந்தனமாரி ஒரு பார்வை பாத்தா. அதோட விட்டுட்டேன். இப்ப உங்க ஊருக்குப் போறான். நல்லாயிருக்கட்டும். ஓவருக்கு முன்னாடி தோள கொஞ்சம் சுத்தவிடுங்க, எடுத்த எடுப்புல வேகமாப் போடச் சொல்லாதீங்க. சரி, சரி, எனக்கென்ன.

அந்தா, பச்சைப் பட்டுல, பொண்ணுக்குப் பூ சரிபண்ணிவிடுறா பாருங்க, அவதான். இங்க பாக்குறா. நான் உங்ககிட்ட என்ன பேசுறேன்னு அவளுக்குத் தெரியும், இந்தக் கதைய நான் எவன் கிடைச்சாலும் சொல்லுவேன்னும் தெரியும். தெனம் காலையில நான் மில்லத் தொறக்கக் கிளம்புறப்ப சட்டையப் பிடிச்சுக்கிட்டு, "யாரப் பாக்க வந்தீங்க?"ன்னு கேப்பா. "உன்னையத்தான்"னு சொல்லணும். "பொய்"னு சொல்லிட்டுத்தான் சட்டைய விடுவா. மூணு வருசமா ஒருநாள் தப்பினதில்ல. அது எப்ப உண்மையாச்சுன்னு எனக்கே தெரியல அண்ணாச்சி. உண்மையாயிருச்சு, இன்னைக்குக் காலையில கூட உண்மையாத்தான் சொன்னேன். நம்ப மாட்டேங்குறா.